நூற்றில் எட்டு

ஹில்டிங்கின் துப்பாக்கியைக் கழற்றிப் போட்டால்
மேசையில் மிஞ்சுவது ஒரு சாண் இரும்பு.
ரிசீவர். போல்ட் ஓடும் வீடு.
பழைய பேரல் லேசில் பிரியவில்லை.
வைஸில் இறுக்கி, சூடு காட்டி, இரண்டு முறை திட்டிய பிறகு
பெருமூச்சு மாதிரி ஒரு சத்தத்தோடு விட்டது.

வெளியே யேம்ட்லாந்தின் ஆகஸ்ட்.
இரவு ஒன்பதுக்கும் சன்னலில் வெளிச்சம்.
ஏரிப் பக்கம் யாரோ விறகு பிளக்கிறார்கள்.
மூஸ் வேட்டை தொடங்கப் பதினெட்டு நாள்.

நான்கு திருகுகளுக்கு நடுவே அதை மிதக்க விட்டேன்.
ஒன்றைத் தளர்த்தி, எதிரே உள்ளதை இறுக்கி,
கையால் சுற்றி, மறுபடி தளர்த்தி.
டயலின் முள்
இருமுகிறவரின் தோள் போல எகிறி எகிறி
கடைசியில் மூச்சைப் பிடித்துக்கொண்டது.
துளை நடுவுக்கு வந்தாயிற்று.

பிறகு முகத்தைத் தொட்டுப் பார்த்தேன்.
முள் போனது, வந்தது, போனது.
ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் எட்டு.

கண்ணுக்குத் தெரியாது, நகத்துக்குத் தட்டாது.
ஒரு தலைமுடியின் கனம்தான்.
எழுபத்தொன்றில் ஏதோ ஓர் ஆலையில்
திங்கட்கிழமைத் தூக்கத்தில் எவனோ விட்ட கோணல்
இத்தனை வருஷம் கழித்து
என் லேத்தில் சுற்றிச் சுற்றித் தலையாட்டுகிறது.

ஊரில் அவருக்குப் பெயர் பூம்-ஹில்டிங்.
பூம் என்றால் இங்கே வெடிச் சத்தமில்லை,
குறி தவறியது.
தொண்ணூற்றெட்டில் பெரிய கொம்பன் ஒன்று
அறுபது மீட்டரில் அவருக்குப் பக்கம் காட்டி நின்றதாம்.
அதிலிருந்து சீட்டுக் குலுக்காமலே
சதுப்பு ஓர மேடை அவருக்கு.
மூஸ் வராத மேடை. மழை வரும்.

கூடம் கோணல் என்று சொன்னவளை
இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.
ஒருவராவது கூடத்தில் டயல் வைத்துப் பார்த்தார்களா?

டூலை உள்ளே விட்டேன்.
முதல் சுற்றில் ஒரு பக்கம் மட்டும் தொட்டது,
டிக், டிக், டிக்,
பாதி வெள்ளி, பாதி பழைய கறுப்பு,
அஷ்டமி நிலா.
அடுத்த சுற்றில் நிலா கொழுத்தது.
அதற்கடுத்ததில் சத்தம் அறுபடாமல் ஓடியது,
முகம் முழுக்க வெளிச்சம்.
சட்டைக் கையில் சுருண்டிருந்த சீவலை ஊதிவிட்டேன்.

சனிக்கிழமை ஃபிளாஸ்க்கில் காபியோடு வந்தார்.
புதுப் பேரல் மரையில் உட்கார்ந்திருந்தது.
சொன்னேன்:
"சூடு ஏற ஏற அது வலப்புறம் ஒதுங்கியிருக்கும்.
இரண்டாவது குண்டும் மூன்றாவது குண்டும்
உங்கள் தப்பில்லை."
கோப்பையைக் கீழே வைத்தார்.
"எழுதிக் கொடு, ஊல்வா. எண்ணோடு, கையெழுத்தோடு.
புர்யே பார்க்கணும். எல்லாரும் பார்க்கணும்."

ரசீதின் பின்பக்கம் எழுதினேன். எண். தேதி. என் பெயர்.
மை காய்கிறவரை பேசிக்கொண்டிருந்தார்:
அன்றைய பனி, பிர்ச் மரங்களின் இடைவெளி,
கொம்பனின் மூக்கிலிருந்து எழுந்த ஆவி.
"விடிந்து அதுதான் முதல் குண்டு. ஒரே குண்டு.
இன்னொன்று ஏற்றுவதற்குள்
காடு அதை மூடிக்கொண்டது."

முதல் குண்டு.
பேரல் குளிர்ந்திருக்கும்.
குளிர்ந்த பேரல் ஒதுங்காது.

பாதி வாக்கியத்தில் அவருக்கும் கேட்டிருக்க வேண்டும்.
ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகினார்,
மூடியிருந்ததையே மறுபடி திருகினார்.
நான் லேத்தைத் துடைத்தேன்,
துடைத்த இடத்தையே.

காகிதத்தை நான்காக மடித்துச்
சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டார்.
"எவ்வளவு?" என்றார்.
பேரலுக்கு மட்டும் சொன்னேன்.
முகம் சீவியதற்குக் கணக்கு எழுதவில்லை.