கேக்குக்குத்தான்

சனி ஞாயிறு உகனைக்குப் போய்வந்த தில்ருக்ஷி
பதிவுப் பகுதி மேசையில் ஒரு சொப்பிங் பையை வைத்தாள்.
"சேனைக்குப் போனா காலில தேய்ப்போம்.
அட்டை கிட்ட வராது."
பத்துப் பன்னிரண்டு தேசிக்காய்,
மூளையைச் சுருட்டி வைத்த மாதிரித் தோல்.
பிழிந்தால் நாலு சொட்டு, அதுவும் கசப்பு.
கறிக்கு ஆகாது. ஊறுகாய்க்கும் ஆகாது.
சும்மா நகத்தால் ஒன்றைக் கீறினேன்.
வரிசையில் நின்ற அத்தனை பேரும்
தலை நிமிர்ந்தார்கள்.

கல்லடியில் எனக்கு மேல்மாடி வாடகை.
பச்சைத் தோலை மட்டும் சீவினேன்,
வெள்ளை ஒட்டினால் நாக்கு மன்னிக்காது.
பாதியைச் சீனியில் பிசைந்து மூடிவைத்தேன்.
விடியப் பார்த்தால் சீனி நனைந்திருந்தது
நான் ஒரு சொட்டுத் தண்ணீரும் விடாமலே,
இரவில் யாரோ அதனிடம் எதையோ சொல்லி
அழவைத்ததுபோல.

மற்றப் பாதிக்குச் சாராயம் வேண்டும்.
சாராயக் கடைக் கம்பிக்கு முன் ஒரு பெண் நின்றால்
அவள் பாலம் கடக்குமுன்
செய்தி கடந்துவிடும்.
ஆட்டோ ரஜிதரனிடம் காசு கொடுத்தேன்.
"தென்னஞ்சாராயம், முழுப் போத்தல். கேக்குக்கு."
"யூலையிலயா அக்கா?"
"பிளம்ஸை இப்பவே ஊறப்போட்டாத்தான்."
கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.
மிச்சக் காசை எண்ணித் தந்தான். சிரிக்கவில்லை.

முதல் தடவை கராம்பு போட்டேன்.
பல் கிளினிக் மணத்தது, கழிவறையில் ஊற்றினேன்.
இரண்டாம் தடவை கறுவா, ஒரு ஏலம்,
ஹோர்லிக்ஸ் போத்தல், அலுமாரிக்குள் சேலைகளின் பின்னால்,
எட்டு நாள்.
கண்மருந்துச் சொட்டுப் போத்தல் ஒன்றைக் கழுவி
வடித்து நிரப்பினேன்.

போத்தலை மறைக்கலாம்.
கையை எங்கே மறைப்பது?
பிறப்புப் படிவமொன்றில் என் விரல் பட்டுவிட்டது.
மகளின் பெயரைச் சரிபார்த்த தகப்பன்
தாளை மூக்கருகே கொண்டுபோனார்.
ஒன்றும் சொல்லவில்லை.
மறுபடியும் கொண்டுபோனார்.

வெள்ளி இரவு ஜெனிற்றா பார்த்தலோ வந்தாள்,
சாப்பாட்டுப் பெட்டி நிறைய ஐஸ்கட்டியுடன்.
இளநீர், சாராயம், அழுத சீனியில் இரண்டு கரண்டி,
மேலே மூன்று சொட்டு.
குடித்தாள். கண்ணை மூடினாள்.
"என்ன கா இது?"
"அட்டைக்குப் பூசுறது."
புரையேறிச் சிரித்தாள்.
"அப்ப அந்த வங்கிக்காரன் இனி வரமாட்டான்."

அப்போதுதான் படியில் செருப்புச் சத்தம்.
கீழ்வீட்டு மிஸிஸ் சவுந்தரநாயகம்,
ஞாயிறு தவறாமல் கோயில், மாதர் சங்கத்தில் பொருளாளர்.
முந்தானையில் ஐந்து முட்டை.
"ரஜிதரன் சொன்னான், கேக் போடுறியாம்.
எங்கட கோழி இட்டது. வைச்சுக்கொள்."

எனக்குக் கேக் போடத் தெரியாது.
ஜெனிற்றாவுக்கும் தெரியாது.
மூன்று பேரும் கிளாசைப் பார்த்தோம்,
மூன்று பேரும் வேறெங்கோ பார்த்தோம்.
வெளியே வாவியில் யாரோ
வள்ளத்தைத் தட்டி மீனை வலைக்கு விரட்டும் சத்தம்.

அவர் கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.
முட்டைகளை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார்.
மேசை சரிவு. உருளத் தொடங்கின.
சொட்டுப் போத்தலை எடுத்தார்,
மூடியைத் திறந்து ஒருமுறை மணந்து
மூடி,
முட்டைகளுக்கு அணையாக வைத்தார்.