கை நீட்டினால் நிற்கும்

ஸ்கெல்விக்கில் இறங்க வேண்டுமென்றால்
முந்தின நிலையத்திலேயே என்னிடம் சொல்லிவிட வேண்டும்.
ஏற வேண்டுமென்றால் கை நீட்ட வேண்டும்,
ஓட்டுநர் கண்ணில் படும்படி, தோள் உயரத்துக்கு.
கூச்சப்பட்டு விரலை மட்டும் அசைத்தவர்களை
விட்டுவிட்டுப் போயிருக்கிறோம்.

நாளுக்குப் பதினொரு வண்டி. ஞாயிறன்று ஐந்து.
கடைசி வண்டி இரவு ஒன்பது பத்து.
இரண்டு பெட்டி, ஒரு கழிப்பறை, அதுவும் சில நாள்.
நடைமேடை தாழ்வு. அதனால் ஒரு மரப்படி உண்டு,
மஞ்சள் பூசியது.
முழங்கால் பார்த்து அதை எடுத்துப் போடுவது
கார்டு வேலையில் யாரும் எனக்குச் சொல்லித்தராத பகுதி.

இந்த ஊருக்காக வரவில்லை ரயில்.
கம்பர்லாந்து மலைக்குள்ளிருந்த இரும்புத்தாதுக்காக வந்தது.
சிந்திய தாது மழையில் ஒழுகி
முதல் அலையின் மடிப்பு வரை சிவப்பு.
வெள்ளைத் துணி வெள்ளையாகக் காயவில்லை என்று
முப்பத்தொரு பெண்கள் கம்பெனிக்குக் கடிதம் எழுதினார்கள்.
சோப்புக்குப் பதிலாக நிலையம் கிடைத்தது
என்று சொல்லிக்கொள்கிறோம். ஆவணம் எதுவும் இல்லை.

முதல் ஸ்டேஷன் மாஸ்டர் நெட் மாஸாப்
அட்டவணையைக் கரைத்துக் குடித்தவர்.
கடலை மட்டும் அதற்குள் கொண்டுவர முடியவில்லை.
ஒரு ஜனவரிக் காற்றில்
தண்டவாளத்துக்கு அடியிலிருந்த கல்லையெல்லாம்
அலை உருவிக்கொண்டு போக,
அறுபது அடிக்கு வெறும் இரும்பு
துணிக்கொடி போல அந்தரத்தில் தொங்கியது.
சிவப்பு விளக்கைத் தூக்கிக்கொண்டு தெற்கே ஓடினார்.
வண்டி நின்றது.
குறிப்பேட்டில் அன்று ஒரே வரி:
'6.40 தாமதம். காரணம்: கடல்.'

தாது தீர்ந்தது. பாதையை மூடலாமா என்று
கணக்கெடுக்க ஆள் அனுப்பினார்கள்.
பழுப்பு மேலங்கி, மடியில் பலகை, கூராகச் சீவிய பென்சில்.
ஆக்னஸ் ஃபெல் அன்று ஒன்பது முறை ஏறினாள்,
ஒன்பது தொப்பியில்.
ஆறு அவளுடையது. இரண்டு இரவல்.
ஒன்று தேநீர்க் கேத்தலுக்குப் போடும் கம்பளி உறை.
ஏழாம் முறை அந்த ஆளே எழுந்து
அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டானாம்.
ஒன்பது பேர் என்றுதான் எழுதினான்.
அதனால் பிழைத்ததா பாதை? இல்லை.
வடக்கே ஆலைக்குப் போன ஷிஃப்ட் ஆட்களால் பிழைத்தது.
இருந்தாலும் அந்தக் கேத்தல் உறையைக்
கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டுவது பற்றி
ஒரு கமிட்டி இன்னும் கூடிக்கொண்டிருக்கிறது.

பார்சல் அறையில் இப்போது பல் மருத்துவர்.
11.52 வரும்போது தரை அதிரும்.
இமொஜன் துளைக்கும் கருவியை வெளியே எடுத்துவிட்டு
ஜன்னலைப் பார்த்தபடி நிற்பாள்.
வாயைத் திறந்தபடி கிடப்பவரும்
அந்த இரண்டு பெட்டியும் கடக்கட்டுமென்று காத்திருப்பார்.
எங்களை இவ்வளவு நேசிக்கும் பயணி
வண்டிக்குள் ஒருவர்கூட இல்லை.

அறிவிப்புப் பலகையில் இரண்டு தாள்:
ரயில் நேரம், ஓத நேரம்.
மன்னிப்புக் கேட்பது ஒன்றுதான்.

போன செவ்வாய் மதியம் ஒரு கை நீண்டது. நின்றோம்.
கதவைத் திறந்து மரப்படியை எடுத்தேன்.
நான்கு வயது இருக்கும். ரப்பர் பூட்ஸ்.
வாளிக்குள் ஒரு நண்டு.
சும்மா டாட்டா காட்டினானாம்.
அம்மா காது வரை சிவந்து மன்னிப்புக் கேட்டாள்.
அவன் கேட்கவில்லை.
எழுபது டன்னை நிறுத்திய தன் கையை
முன்னும் பின்னும் திருப்பிப்
பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டு நிமிடத் தாமதம்.
காரணத்தை இப்போது எழுத முடியாது,
இயந்திரத்தின் பட்டியலில் ஒன்றைத் தொட வேண்டும்:
பழுது, ஊழியர், விலங்கு, வானிலை.
கடல் இல்லை அதில். கையும் இல்லை.
வானிலை என்று தொட்டேன்.

வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது.