பெயின்

ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி, எட்டாம் நம்பர் ஓ.பி.
டாக்டர் பிராஞ்சலுக்கு ஊர் ஜோர்ஹாட்.
வந்த புதிதில் அவருக்குத் தெரிந்த தமிழ் மூன்று:
வாங்க, மூச்சு இழுங்க, வடை இருக்கா.
மற்றதற்கெல்லாம் நான்.

"பெயின்?" என்று கேட்பார்.
அவர் வாயில் அது பேன் என்று விழும்.
"பேனா? போன மாசந்தான் திருச்செந்தூர்ல மொட்ட போட்டேன்,
எங்கிட்டு இருக்கப் போவுது" என்று
மானூர்க்காரர் ஒருத்தர் துண்டை விலக்கித் தலையைக் குனிந்தார்.
டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார்.

முக்கூடல் முப்பிடாதிக்குக் கழுத்து கடுக்கு.
தோள்பட்டை உளையுது.
விரல்நுனி மதமதங்கு.
நாளைக்கு எழுநூறு பீடி சுற்றுகிறாள்.
அதை எவனெவனோ வலிக்கிறான்,
இவளுக்கு வலிக்கிறது.
இலக்கணத்தில் இதற்கு என்ன பெயரோ.
நான் சொன்னேன்: பெயின், சார்.

மேலப்பாளையம் மைமூனுக்குக் குறுக்கு "கழண்டு விழுறாப்ல".
பெயின்.
சுத்தமல்லி லாரி கிளீனர் பையனுக்கு, நசுங்கிய கட்டைவிரல்
விண்ணுவிண்ணுன்னு தெறிக்கு.
பெயின், சார்.
கல்லிடைக்குறிச்சி அப்பளக் கம்பெனி அக்காவோ
"வலியெல்லாம் இல்ல சிஸ்டர், நோவு" என்றாள்.
ரெண்டும் ஒண்ணுதானே?
"ஒங்களுக்கு ஒண்ணு."

நல்ல மனுஷன். சொந்தக் காசில் நோட்டு வாங்கினார்.
இடப்பக்கம், தன் எழுத்தில், நான் சொன்ன ஒலிகள்:
குத்து, குடைச்சல், காந்தல், சுருக், பிசையுது, இழுக்கு.
வலப்பக்கம் இங்கிலீஷ்:
ஏக், சோர், கிராம்ப், த்ராபிங், பர்னிங்.
(ஏக் என்றால் ஹிந்தியில் ஒன்று. எனக்கு அதோடு சரி.)
காந்தலுக்கும் எரிச்சலுக்கும் ஒரே பர்னிங்.
குடைச்சலுக்கு எதிரே கேள்விக்குறி.
புரியவைக்க, மூடிய பேனாவை மேஜையில் ஊன்றித்
திருகிக் காட்டினேன்.
"ஓ," என்றார். "என் அம்மாவுக்கு முழங்கால்."
அன்றைக்கு அதற்கு மேல் எழுதவில்லை.

ஆடியில் வந்தவள் பேர் ஆவுடைத்தங்கம். சீவலப்பேரி.
"வயிறு எரியுதுய்யா."
ஸ்டொமக், பர்னிங், என்றேன்.
சாப்பாட்டுக்கு முன்பா பின்பா? எத்தனை நாளாக?
"ஆத்துலருந்து அவனத் தூக்கிட்டு வந்த அன்னையிலருந்து."
நான் சீட்டைப் பார்த்தேன்.
வரிசையில் இன்னும் முப்பது பேர் இருமிக்கொண்டிருந்தார்கள்.
த்ரீ வீக்ஸ், சார்.
காலையில் வெறும் வயிற்றில் ஒன்று, பதினாலு நாளைக்கு.

பதினைந்தாம் நாள் வந்தாள். காலி அட்டையைச்
சுருக்குப் பையிலிருந்து எடுத்து, கணக்கு ஒப்படைப்பதுபோல
மேஜையில் வைத்தாள்.
"மாத்திர நல்ல மாத்திரதான். புளிச்ச ஏப்பம் நின்னுட்டு.
எரியுறது எரியுது."
டாக்டர் சுவரைக் காட்டினார்.
பூஜ்யத்திலிருந்து பத்து வரை ஆறு மஞ்சள் முகங்கள்,
சிரிப்பு தொடங்கி அழுகை முடிய. இதில் எது?
அவள் கிட்டப் போய், கல்யாண ஆல்பத்தில்
சொந்தக்காரரைத் தேடுவதுபோலத் தேடினாள்.
"இதுல எம்மூஞ்சி இல்லயே, தாயி."

அதை நான் மொழிபெயர்க்கவில்லை.
அவரும் கேட்கவில்லை.
நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு
நோட்டில் புதுப் பக்கம் திறந்தவர்
ஒன்றும் எழுதாமல் உட்கார்ந்திருந்தார்.
வெளியே டோக்கன் நம்பரை இரண்டாம் முறையாகக்
கத்திக்கொண்டிருந்தான் வாட்ச்மேன்.

ஒன்றரைக்கு, கை கழுவும்போது கேட்டார்,
"சிஸ்டர், யூ? எனி பெயின்?"
காலையிலிருந்து நிற்கிறேன். கெண்டைக்கால் கடுக்கு.
பாதம் காந்துது.
த்ரீ வீக்ஸ் என்று சொன்ன இடத்தில், தொண்டைக்குக் கீழே,
என்னமோ மாதிரி.
நோ பெயின், சார், என்றேன்.
பொய் இல்லை.
அந்தப் பேரில் எனக்கு ஒன்றும் இல்லை.