நாற்பத்து மூன்றாம் பெட்டி

பதினோரு புத்தகம். பதினொன்றிலும்
நாயகன் ஒரு ஸ்டோட்.
ஸ்டோட் என்றால்,
கீரியைத் துணிபோல் பிழிந்து
கொடியில் காயப்போட்டால் வருமே, அது.
வால் நுனி மட்டும் மையில் தோய்த்தது.
பெயர் பெஸ்க்.
முன்னங்கால் ஒன்று கிடையாது.
உறைந்த கடலின்மேல்
விளக்கைப் பல்லில் கவ்விக்கொண்டு நடக்கிறான்,
முதல் பக்கத்திலிருந்து.

நியூசிலாந்தின் தெற்கே, டெ அனாவில்,
தீயணைப்பு நிலையத்துப் பின்னறையில்
மாதத்தின் மூன்றாம் வியாழன்
அவனுக்காக ஆறுபேர் கூடுகிறார்கள்.
தபால் வண்டி ஓட்டும் ராவிரி.
கணுக்காலில் பெஸ்க்கைப் பச்சை குத்திய ஃபெனெல்லா
(எலி என்கிறாள் மாமியார்).
பதினாலு வயது கோர்பின்,
அவனைக் கொண்டுவந்து விட்டுவிட்டு
காரிலேயே உட்கார்ந்திருந்த அப்பா,
நான்காம் புத்தகத்துக்குப் பிறகு
உள்ளே வந்துவிட்டார்.
பேர் சொல்லாமல் பிஸ்கட் மட்டும் கொண்டுவரும் ஒருவர்.
கடைசியாக லின்லி,
பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு.

லின்லியின் வேலை
ஸ்டோட் கொல்வது.

முயலைத் தின்னட்டும் என்று
எவரோ கப்பலில் கொண்டுவந்து இறக்கியது.
முயல் ஓடும்; முட்டை ஓடாது.
ஓடக் கற்றுக்கொள்ளாத பறவைகளின் நாடு இது.
ஆகவே பீச் மரக்காட்டில்
நூற்றுப்பதினெட்டு மரப்பெட்டிகள்,
பெட்டிக்குள் இரும்புப்பொறி,
பொறிக்கு அப்பால் வெள்ளையாய் ஒரு கோழிமுட்டை.
வாரம் ஒருமுறை நடந்து திறந்து பார்ப்பவள் அவள்.

அறையில் யாரும் அதைப் பேசுவதில்லை.
சாவு வீட்டில் சம்பளம் கேட்காத மாதிரி.
தவளைத் தளபதி துரோகியா,
ஆறாம் புத்தகத்தில் விளக்கு அணைந்ததா அணைத்தார்களா,
ராவிரிக்கும் ஃபெனெல்லாவுக்கும்
இரண்டு வருஷமாய் வழக்கு.

இந்த வியாழன் கோர்பின்தான் கேட்டான்:
"இன்னிக்கு எத்தனை?"
பிஸ்கட் உடைபடும் சத்தம்.
"ரெண்டு," என்றாள் லின்லி.
பிறகு, யாரும் கேட்காமலே,
எட்டாம் புத்தகத்தை எடுத்தாள்.
பெஸ்க் கால் இழந்த கதை.
அத்தியாயம் பத்தொன்பது.

நாங்கள் எல்லோரும் வாசித்ததுதான்.
ஆனால் "க்ளிக் என்றது பொறி" வரும் இடத்தில்
நிறுத்தினாள்.
"க்ளிக் இல்ல. எழுதினவங்க கேட்டதில்ல.
ஈரப்பலகைமேல புத்தகத்தைப் போட்ட மாதிரி இருக்கும்."
அந்த ஒரு சொல்லை மாற்றி
மறுபடி முதலிலிருந்து படித்தாள்.
கோர்பினின் அப்பா
தன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அன்று வழக்கு நடக்கவில்லை.

மறுவாரம் அவளோடு நான் போனேன்,
பிஸ்கட் ஆள் நான்தான்.
கேட்டதற்கு, "மழைக்கோட்டு இருக்கா?" என்றாள், அவ்வளவே.
நாற்பத்து மூன்றாம் பெட்டியில்
இருந்தது.
சட்டைப்பைக்குள் அடங்கும் உடம்பு.
என்ன சொல்வது என்று தெரியாமல்
வால் நுனியையே பார்த்தேன்.
புத்தகத்தில் எழுதியதைவிடக் கறுப்பு.

கதையில் கூட்டாளி ஒருவன் விழுந்தால்
மற்றவர்கள் அவன் பாதத்தைத்
தண்ணீர் இருக்கும் திசைக்குத் திருப்பிவைப்பார்கள்.
பதினோரு புத்தகத்தில் ஒன்பது முறை.
லின்லி அதைப் பெரணிக்கடியில் கிடத்தி,
கையுறை விரலால்
முன்னங்காலை ஏரிப்பக்கம் திருப்பினாள்.
நான் பார்க்கிறேன் என்று தெரியும்.
வெட்கப்படவில்லை.

பிறகு ஸ்ப்ரிங்கை இழுத்து மாட்டினாள்.
பையிலிருந்து புது முட்டை.
நோட்டில்: 43, ஆண், 1.

தலைக்குமேல் பொந்தில்
மஞ்சள் தலையோடு ஒரு மோஹுவா
எங்களைத் திட்டிக்கொண்டே இருந்தது.
"பன்னிரண்டாவது எப்ப வருதாம்?"
பெட்டியை மூடியபடி கேட்டாள்.
"மார்ச்" என்றேன்.
"மார்ச்சா," என்றாள்,
நாற்பத்து நான்கை நோக்கி நடந்துகொண்டே,
"அவன் மட்டும் கரை சேரலைன்னா பாரு."