கசிவு தேடுகிறவன்

இரவு இரண்டு மணிக்குத்தான் சாலை வாய் திறக்கும்.
குளியலறைகள் ஓய்ந்து,
தெலாவியில் கடைசி மதுக்கடையும் ஷட்டரை இழுத்துவிட்ட பிறகு
இரும்புக் கோலைத் தாரில் ஊன்றி
மறுமுனையில் காதை வைப்பேன்.
நல்ல குழாய் ஊமை.
உடைந்தது, பல்லிடுக்கில் காற்று விடுகிற ஆளைப்போல
ஸ்ஸ்ஸ் என்னும்.
அவ்வளவுதான் என் வேலை.

இன்று இரண்டு புகார்.
பங்சாரில் தண்ணீர் நூலாய் வருகிறதாம்.
டாமன்சாரா மேட்டில் வீட்டு வாசல் காயவே மாட்டேன் என்கிறதாம்.
நடுவில் நெடுஞ்சாலை.
இரண்டு குடியிருப்போர் சங்கமும்
எதிர்ப்பக்கத்தைக் கைகாட்டிக் கடிதம் எழுதியிருக்கின்றன,
நல்ல தாளில்.

மாரோஃப் சாலையின் கீழ்முனையில் தொடங்கினோம்,
நானும் ரொஸ்லானும்.
பங்சார் என்ற பெயருக்குள்
இரண்டு வெள்ளைக்காரர்கள் ஒட்டிக்கிடப்பதாகச் சொல்வார்கள்.
புங்கே ஒருவர், கிரிசார் ஒருவர்.
தோட்டத்து முதலாளிகள்.
வெயிலில் வேலை செய்தவர்கள் வாயில் மென்று மென்று
இரண்டு பேரையும் ஒரே கவளமாக்கிவிட்டார்கள்.

ஆரா சாலை, அது அத்தி.
மேட்டில் பெரிங்கின் சாலை, ஆலுக்குத் தம்பி முறை.
பாத்தாய், ஜொஹார் என்று
இங்கே மரம் மரமாய்ப் பெயர் வைத்திருக்கிறார்கள்.
வரிசை பிடித்து நின்ற அந்த மரத்தின் பெயரில் மட்டும்
நான் தேடியவரை ஒரு சந்துகூட இல்லை.

மேட்டு வாசலில் தடுப்புக் கம்பி.
நேபாளக் காவலாளி அடையாள அட்டையை வாங்கி
முகத்தையும் படத்தையும் ஒத்துப் பார்த்தார்.
"எந்த வீட்டுக்கு?"
"சாலைக்கு," என்றேன். "சாலைக்கு அடியில்."
பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.
கொஞ்சம் யோசித்து, 'விருந்தினர்' என்று எழுதிக்கொண்டார்.

பெரிங்கின் வளைவில் கோல் சீறியது.
வெட்டினோம்.
நான்கு விரல் புதுத் தார், அதனடியில் பழைய தார்,
சல்லி, பிறகு மாதுளை உள்தோல்போல் செம்மண்.
மூன்றடியில், குழாயின் மூட்டுக்குள் முழங்கையை நுழைத்து
ஒரு வேர்.

ரம்பத்தை வைத்தேன்.
வெட்டுவாயில் வெள்ளையாய்க் கோத்துக்கொண்டு
சொட்டியது.
"கெத்தா," என்றான் ரொஸ்லான், விளக்கைத் தாழ்த்தி.
ரப்பர்.

எங்கள் வீட்டில் யாரும் பால் வெட்டியதில்லை.
அப்பா ரயில்வே கணக்கர்,
வெள்ளைச் சட்டையில் மைப்பொட்டு விழுந்தால்
இரண்டு நாள் பேசமாட்டார்.
இதைப் பார்த்துக் கண் கலங்க எனக்கு உரிமை இல்லை,
கலங்கவும் இல்லை.
ஏனோ ரம்பத்தை மட்டும் ஒரு நிமிடம் நிறுத்தினேன்.

கதவு திறந்து பல் டாக்டர் கூ வந்தார்,
பைஜாமா, ரப்பர் செருப்பு.
"என் மரமா?"
சுவருக்கும் கால்வாய்க்கும் நடுவே
யார் நிலமும் இல்லாத அரையடியில் நின்றது அது,
மாடி உயரத்துக்கு.
"யார் நட்டது?"
"யாரும் நட்டிருக்கமாட்டார்கள் டாக்டர்.
வெயில் ஏறினால் காய் வெடிக்கும். விதை அதுபாட்டுக்குப் போய் விழும்."
"அப்படியானால் பில் எனக்கு வராதே?"
வராது என்றேன். நிம்மதியாய்க் கொட்டாவி விட்டார்.

விடிவதற்குள் குழிக்குத் தார் ஒட்டுப் போட்டாயிற்று.
முதல் கார், பளபளவென்று ஒரு கறுப்பு வண்டி,
அதன்மேல் ஏறிப் போனது, குலுங்காமல்.
கீழே பங்சாரில் யார் வீட்டிலோ
குழாய் இரண்டு முறை இருமி
அப்புறம் கொட்டியிருக்கும்.

படிவத்தில் காரணம்: வேர்.
மரத்தின் உரிமையாளர்: அந்த வரியை விட்டுவிட்டேன்.
கையெழுத்துப் போடக் கையுறையைக் கழற்றினால்
வரவில்லை.
பால் காய்ந்து
இரண்டு விரல்கள் ஒன்றாய் ஒட்டிக்கொண்டிருந்தன.