பத்து விநாடி

பின்லாந்தின் வடக்கே ஓவுலு. டிசம்பர்.
பிற்பகல் இரண்டரைக்கே வெளியே இருட்டு.
திரையில் மட்டும் விடிந்து கிடக்கிறது
யாரோ ஒருத்தியின் மார்புத் திசு,
ஊதாவும் இளஞ்சிவப்புமாய்,
விமானத்திலிருந்து பார்த்த தீவுக்கூட்டம்போல.

வலையமைப்பு சதுரம் சதுரமாய் மேய்ந்து
புற்று என்று தோன்றிய இடத்தில் ஆரஞ்சு பூசும்.
நூற்றுக்குத் தொண்ணூற்றேழு சரி.
கேக் வெட்டினோம்.

தபானிதான் முதலில் முகம் சுளித்தார்:
இது வெறும் நார்த்திசு,
இதற்கேன் இத்தனை ஆரஞ்சு?

மூன்று வாரம் தோண்டினோம்,
எடைகளை, அடுக்குகளை, என் தூக்கத்தை.
கடைசியில் அகப்பட்டது
ஐலி.

சாயமேற்றும் மேசையில் இருபத்தாறு வருடம்.
இயோசினில் கண்ணாடித் தகட்டைப்
பத்து விநாடி கூடுதலாய் முக்கி எடுப்பாள்.
சந்தேகமான திசுவையெல்லாம்
அவளிடம்தான் தள்ளிவிடுவார்கள்,
கை பதறாது என்று.

அந்தப் பத்து விநாடியைத்தான் கற்றிருக்கிறது இயந்திரம்.
சிவப்பு ஒரு பிடி தூக்கலா, புற்று.
வெளிறியிருந்தால் வீட்டுக்குப் போகலாம்.

சொன்னபோது ஐலி சிரிக்கவில்லை.
கையுறையை விரல் விரலாய்க் கழற்றினாள்.
"வெளிறிய தகடு ஒன்றை ஒருமுறை
தவறவிட்டார்கள்" என்றாள்.
யாருடையது என்று சொல்லவில்லை.

நாளையிலிருந்து
நிறங்களைக் குலைத்துக் குலைத்து
மறுபடி கற்பிக்க வேண்டும்,
அவள் கையை அது மறக்கும்வரை.

இன்றைக்கு அதன் தவறுகளை
ஒவ்வொன்றாய்த் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
எத்தனை கச்சிதம்.
ஒரு தகட்டில்கூட
அவளைத் தவறவிடவில்லை.