ஜாலான் பெசார், ஒன்றரை மீட்டர் ஆழம்

பலகையில் இதன் பெயர் நான்காம் முறை மாறியிருக்கிறது.
என் வரைபடத்தில் இன்னும் இரண்டாவது பெயர்.
சனங்கள் வாயில் என்றைக்கும் டவுன் ரோடுதான்.
நான் குழாய் பதிக்கிறவன். பெயரோடு எனக்கு வேலையில்லை.

புக்கிட் செராயாவுக்கு இது ஒன்றே தெரு.
ரயில் கேட்டில் தொடங்கி
செம்பனை ஆலையின் வாடையில் முடிகிறது.

ஞாயிற்றுக்கிழமை. ரஃபிக்குல் வாளியை இறக்கினான்.
முதலில் தார், போன தேர்தலுக்குப் போட்டது,
பிஸ்கட் மாதிரி நொறுங்கியது.
அடுத்ததும் தார். அதற்கு முந்திய தேர்தல்.
அதன் கீழே ஒரு கெட்டித் தார்,
தேர்தலை நினைக்காத யாரோ போட்டது.
பிறகு செம்மண்,
ஒரு மாட்டு லாடம்,
விளிம்பு உடையாத ஒரு பால் மங்கு.
மரத்தில் தொங்க வேண்டியது தெருவுக்கு எப்படி வந்தது?
சம்பள நாளில் கள்ளுக்குக் கிளாஸ் பற்றாமல்
எவனோ கொண்டுவந்திருப்பான்.

ஒன்றரை மீட்டரில் ‘டங்’.

வரைபடத்தில் இல்லாத இரும்பு.
தண்ணீர் ஆலமர உயரத்துக்கு எழுந்தது.
ஓடிப்போய்ப் பெரிய வால்வை அடைத்தேன்.
தெரு முழுக்க வறண்டது.

சலூனிலிருந்து பாதி நுரையோடு தேவசகாயம் வந்தார்.
கொப்பிக்கடை ஆ கியோங்
வெறும் கெண்டியைக் கவிழ்த்துக் காட்டினார்.
மைமூன் சோப்புக் கையோடு.
மூன்று மொழியில் திட்டு.
மூன்றும் புரியும், இந்த ஊரில் பிறந்த வினை.

குழாய் யாருக்குப் போகிறதென்று பின்தொடர்ந்தேன்.
தெருவைக் குறுக்கே வெட்டி, கோயிலைச் சுற்றி, மேட்டில் ஏறியது.
துரை பங்களா. கூரை இல்லை, சுவர் இல்லை.
புல்லுக்குள் வெள்ளைக் குளியல்தொட்டி ஒன்று,
மிதவை இற்றுப்போய்,
நிறைந்து, வழிந்து, தவளைகளோடு.

இரும்பில் குத்தியிருந்த வருடம் இருபத்தேழு.
கடைகளுக்குத் தண்ணீர் வந்தது ஐம்பத்தெட்டில்.
நடுவே முப்பத்தோரு வருடம்
சனங்கள் வாளியோடு ஆற்றுக்கு இறங்க,
அவர்கள் பாதத்துக்குக் கீழே
தண்ணீர் எதிர்ப்பக்கம் ஏறிக்கொண்டிருந்தது.
துரை போன பிறகும் ஏறியது.
யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.
கணக்கில் அதற்கு ‘கசிவு’ என்று பெயர்.

மூடி போட்டு முறுக்கினேன். வால்வைத் திறந்தேன்.
கொப்பிக்கடை மாடியில்
என்றைக்கும் சொட்டாத ஒரு குழாய்
இருமியது, துருவைத் துப்பியது,
பிறகு கொட்டியது.
அடைக்க யாருமில்லை, மேலே ஏறி வா என்று
ஆ கியோங் என்னைக் கத்திக் கூப்பிடுகிறார்.
மங்கு அவர் கல்லாவில். அதற்குள் சில்லறை விழுந்துவிட்டது.